செயல்வரிசையை ஒரே பாடவேளையில் முடிக்கச் சொல்லாதீர்கள்: கணிதப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணிதப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நடுநிலை வகுப்புகளுக்கான திருத்தப்பட்ட ஆசிரியர் கையேட்டில், செயல்வரிசை (ஒரு கோவையில் கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களை எந்த வரிசையில் கொள்வது என்ற விதி) என்னும் பாடத்தில் நீங்கள் செய்திருக்கும் மூன்று மாற்றங்களை எதிர்த்து இந்த மடலை எழுதுகிறேன். பல பாடவேளைகளில் நடந்துவந்த அந்தப் பாடம் ஒரே பாடவேளைக்குச் சுருக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்த வகுப்பறைச் செயல்பாடுகள் எல்லாம் ‘நேரமிருப்பின்’ என்ற குறிப்போடு பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. விடைத்தாள் திருத்தும்போது, போட்மாஸ் (அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்) என்னும் நினைவுச்சொல்லின் வரிசையில் ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே படிமதிப்பெண் வழங்க வேண்டும் என்று விடைக்குறிப்பு சொல்கிறது. முதல் இரண்டு மாற்றங்களும் வருத்தம் தருபவை. மூன்றாவது கணிதத்துக்கே மாறானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்மையில் நடந்த பொதுமதிப்பீட்டில் 17 × 8 + 17 × 2 என்பதன் மதிப்பைக் காணும்படி ஒரு வினா வந்தது. என் வகுப்பு மாணவி ஒருத்தி 17 × (8 + 2) = 17 × 10 = 170 என்று எழுதினாள். விடைக்கு மதிப்பெண் கிடைத்தது, படிகளுக்குக் கிடைக்கவில்லை. ‘பெருக்கலுக்கு முன் கூட்டல் செய்யப்பட்டுள்ளது’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு இருந்தது. அதே வினாவுக்கு 136 + 34 = 170 என்று எழுதியவர்கள் முழு மதிப்பெண் பெற்றார்கள். திருத்திய ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். கையில் கொடுக்கப்பட்டிருந்த விடைக்குறிப்பின்படிதான் அவர் நடந்துகொண்டார். ஆனால் அந்த மாணவி கையாண்டது பங்கீட்டுப் பண்பு, அதாவது a × b + a × c = a × (b + c) என்பது. அதே பாடநூலின் முந்தைய அலகில் அதை வலியுறுத்திக் கற்பிக்கச் சொல்பவர்களும் நீங்களே. ஓர் அலகில் பாராட்டப்படும் சிந்தனை அடுத்த அலகில் ஏன் தண்டிக்கப்படுகிறது என்று அவள் கேட்டபோது, என்னிடம் நேர்மையான பதில் எதுவும் இல்லை. அடுத்த வகுப்புத் தேர்வில் 99 × 7 + 7 என்ற கணக்கைக் கொடுத்திருந்தேன். நூறு ஏழுகள் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடக்கூடிய அவள், 99-ஐ ஏழால் பெருக்கி, 693-ஐத் தனி வரியில் எழுதி, பிறகு 7-ஐக் கூட்டியிருந்தாள். உங்கள் விடைக்குறிப்பு அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்பட்டிருக்கின்றன. ஒரு கோவை எந்த எண்ணைக் குறிக்கிறது என்பதைச் செயல்வரிசை முடிவு செய்கிறது. அந்த எண்ணை எந்த வழியாகச் சென்று அடைவது என்பதையோ, பரிமாற்று, சேர்ப்பு, பங்கீட்டுப் பண்புகள் கணக்கிடுபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றன. 37 × 25 × 4 என்பதை இடமிருந்து வலமாகப் பெருக்கிக்கொண்டு போகலாம். 25-ஐயும் 4-ஐயும் முதலில் பெருக்கி 3700 என்று உடனே சொல்லவும் செய்யலாம். இரண்டாவது வழியில் விதிமீறல் எதுவும் இல்லை. செயல்வரிசை என்பது எழுதப்பட்டதைப் படிப்பதற்கான இலக்கணம். நீங்கள் அதைக் கணக்கிடும் கைக்குப் போடும் ஆணையாக மாற்றியிருக்கிறீர்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்த மற்ற எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவைதான்.

இனி அந்த நினைவுச்சொல். அதை முற்றாக ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடத்தின் கடைசியில் வரவேண்டிய அது முதலில் வரும்போது என்ன நடக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். 18 − 12 ÷ 3 × 2 + 5 என்று கரும்பலகையில் எழுதினால், நினைவுச்சொல்லை மட்டும் கற்ற மாணவர்களில் ஒரு பகுதியினர் 5 என்ற விடையோடு எழுந்து நிற்கிறார்கள். 12-ஐ 3-ஆல் வகுத்து, 2-ஆல் பெருக்கி, 8 என்பதுவரை அவர்கள் சரியாகவே வருகிறார்கள். அதன்பின், கூட்டல் முன்னே இருக்கிறது, கழித்தல் பின்னே இருக்கிறது என்று 8-ஐயும் 5-ஐயும் கூட்டி, 13-ஐ 18-இலிருந்து கழிக்கிறார்கள். சரியான விடை 15. கூட்டலும் கழித்தலும் சம உரிமை உடையவை, வரும் வரிசையில் அவற்றைச் செய்யவேண்டும் என்ற செய்தி அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. அது ஆசிரியர் வாய்மொழியாகச் சேர்க்கவேண்டிய அடிக்குறிப்பாகவே இருந்துவருகிறது. ஒரே பாடவேளையில் முதலில் விடுபடுவதும் அந்த அடிக்குறிப்புதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. உங்கள் குழுவில் யாராவது இதைக் கவனித்திருக்கிறீர்களா என்று அறிய ஆவலாக இருக்கிறது. அதே சொல்லில் வகுத்தல் பெருக்கலுக்கு முன் நிற்கிறது. மாணவர் அதையும் எழுத்துக்கு எழுத்து நம்பி, எல்லா வகுத்தல்களையும் முதலில் செய்துவிட்டுப் பிறகு பெருக்கினாலும் விடை தவறுவதே இல்லை. 24 ÷ 4 × 6 ÷ 2 என்பதை இடமிருந்து வலமாகச் செய்தாலும் 18. வகுத்தல்களை முதலில் முடித்து 6 × 3 என்று பெருக்கினாலும் 18. வகுத்தல் தன் வலப்பக்கத்து எண்ணை மட்டுமே பாதிக்கிறது என்பதால் இப்படி நேர்கிறது. ஆகவே பெருக்கலும் வகுத்தலும் மட்டும் கொண்ட பயிற்சிக் கணக்குகளில், தவறான புரிதலோடு இருக்கும் மாணவர் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டே போவார். பெம்டாஸ் என்ற வடிவத்தைப் பயன்படுத்தும் நாடுகளிலோ பெருக்கல் முன்னே நிற்பதால், 24 ÷ 4 × 2 என்பதற்கு 12-க்குப் பதிலாக 3 என்ற விடை வரும். ஒரே விதிக்கு இரண்டு நினைவுச்சொற்கள், அவற்றில் இரு வேறு இடங்களில் குழி. விதியின் காரணம் தெரியாதவருக்குக் குழி எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது.

காரணத்தை எப்படிக் கொடுப்பது? பின்னிணைப்புக்கு நீங்கள் அனுப்பிவைத்த செயல்பாடுகள் அதற்காகவே இருந்தவை. அவை பொழுதுபோக்கு என்று எண்ணித்தான் நீக்கியிருக்கிறீர்கள் என்று கையேட்டின் முன்னுரையிலிருந்து தெரிகிறது. எனவே என் வகுப்பில் அவை என்ன வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இந்தப் பாடத்தை விதியோடு தொடங்குவதில்லை. விதி இல்லாத நிலையோடு தொடங்குகிறேன். கையில் இரண்டு பென்சில்கள், கூடவே நான்கு பென்சில்கள் கொண்ட பெட்டிகள் மூன்று. மொத்தத்தை ஒரே வரியில் எழுதச் சொன்னால் பெரும்பாலோர் 2 + 3 × 4 என்றே எழுதுகிறார்கள். எண்ணிப் பார்த்து 14 என்கிறார்கள். ‘இரண்டையும் மூன்றையும் முதலில் கூட்டி, ஐந்து நான்குகள் இருபது என்று சொன்னால் என்ன?’ என்று கேட்பேன். பென்சிலையும் பெட்டியையும் எப்படிக் கூட்டுவது என்று யாராவது ஒருவர் எதிர்க்கேள்வி கேட்பார். அந்த எதிர்க்கேள்விதான் பாடம். பெருக்கல் ஓர் அலகை உருவாக்குகிறது. ஒரே அலகில் உள்ளவற்றை மட்டுமே கூட்டலாம். எனவே கூட்டுமுன் பெட்டிகள் பென்சில்களாக மாறியாகவேண்டும். இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, பின்னாளில் 3 + 2x என்பதை 5x என்று எழுதக் கை வராது.

அடுத்து வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தங்களுக்கென ஒரு செயல்வரிசையை வகுத்துக்கொள்ளலாம் என்கிறேன். ஒரு குழு, எந்தச் செயலுக்கும் முன்னுரிமை கிடையாது, எல்லாம் இடமிருந்து வலம்தான் என்று தீர்மானிக்கும். இன்னொரு குழு கூட்டலுக்கு முதலிடம் கொடுக்கும். பிறகு எல்லோரிடமும், தொடக்க வகுப்பிலிருந்து அவர்கள் எழுதிவரும் ஒரு வரியைக் கொடுப்பேன்: 347 = 3 × 100 + 4 × 10 + 7. இடமிருந்து வலம் போகும் குழுவுக்கு 300, 304, 3040 என்று ஏறி 3047 கிடைக்கும். கூட்டல் முதல் என்ற குழுவுக்கு 3 × 104 × 17 என்று மாறி 5304 கிடைக்கும். 347-ஐ மீட்க வேண்டுமானால் முதல் குழு 3 × 100 + (4 × 10) + 7 என்றும், இரண்டாவது குழு (3 × 100) + (4 × 10) + 7 என்றும் அடைப்புக்குறிகளைச் சேர்த்தாக வேண்டும். நான்கு இலக்க எண்ணுக்கு இன்னும் ஓர் இணை, ஐந்து இலக்கத்துக்கு மேலும் ஓர் இணை. கூட்டல் முதல் என்ற குழு தன் விதியை விட்டுக்கொடுக்காமல் வாதாடுவதும் உண்டு. 5 × 8 + 2 என்று எழுதி ஐம்பதைப் பெற அவர்களுக்கு அடைப்புக்குறி தேவைப்படாது என்பார்கள். அந்த வாதம் சரியானதே. அதற்குப் பின் பாடநூலைப் புரட்டி, பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகை அதிகமாக வருகிறதா, கூட்டுத்தொகைகளின் பெருக்கற்பலன் அதிகமாக வருகிறதா என்று தேடச் சொல்கிறேன். இடமதிப்பு, சராசரிக்கான மொத்தம், பல்லுறுப்புக்கோவைகள் எனப் போகும் இடமெல்லாம் முதல் வகையே மிகுந்திருப்பதை அவர்களே காண்கிறார்கள். பெருக்கலுக்கு ஏன் முன்னுரிமை என்ற கேள்விக்கு, அடைப்புக்குறிகளை மிச்சப்படுத்துகிறது என்ற பதில் அவர்களுடைய வாயிலிருந்தே வருகிறது.

விதி மனிதர்கள் செய்த ஏற்பாடு என்பதை மாணவர் அறிவதால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம் கையேட்டில் தென்படுகிறது. என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் ஜெர்மனியில் யோகானஸ் விட்மனின் நூலில் அச்சேறின. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் அறிமுகப்படுத்தினார். பெருக்கலுக்கான × குறியை வில்லியம் ஆட்ரெட் 1631-இலும், வகுத்தலுக்கான ÷ குறியை யோகான் ரான் 1659-இலும் அச்சில் பயன்படுத்தினார்கள். குறிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது அவற்றைப் படிக்கும் முறையும் மெல்ல மெல்ல நிலைபெற்றது. போலந்து நாட்டுத் தருக்கவியலாளர் யான் வூகாசியேவிச் 1924-இல் அடைப்புக்குறியே தேவைப்படாத ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். செயற்குறியை எண்களுக்குப் பின்னால் எழுதும் அதன் தலைகீழ் வடிவத்தை ஹெவ்லெட் பேக்கார்டு நிறுவனம் 1972-இல் வெளியிட்ட எச்பி-35 கணிப்பானில் பயன்படுத்தியது. அம்முறையில் 2 3 4 × + என்பது 14. 2 3 + 4 × என்பது 20. கென்னத் ஐவர்சனின் ஏபிஎல் நிரல்மொழியில் எல்லாச் செயல்களும் வலமிருந்தே தொடங்குவதால் 3 × 2 + 4 என்பது 18 ஆகிறது. இவற்றை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, ‘இந்த ஊரின் சட்டம் என்ன?’ என்று கண்டுபிடிக்கச் சொன்னால், வழக்கமாகக் கடைசி வரிசையில் சாய்ந்து அமர்ந்திருப்பவர்கள்கூட முன்னால் வந்துவிடுகிறார்கள். பல ஏற்பாடுகளைப் பார்த்தவர்தான், நாம் பொதுவாக ஒப்புக்கொண்டிருக்கும் ஏற்பாட்டைத் தெரிந்தே கடைப்பிடிப்பார்.

கணிப்பானை வைத்தும் இதைச் செய்யலாம். நேரமும் அதிகம் தேவையில்லை. சாதாரணக் கணிப்பான் ஒன்று, அறிவியல் கணிப்பான் ஒன்று. இரண்டிலும் 2, +, 3, ×, 4, = என்று ஒரே வரிசையில் பொத்தான்களை அழுத்தச் சொல்கிறேன். முதல் வகை பெரும்பாலும் 20 என்று காட்டும். இரண்டாவது 14 என்று காட்டும். இயந்திரம் கெட்டுவிட்டதா என்று கேட்பவர்களுக்கு, அது ஒவ்வொரு செயலையும் உடனுக்குடன் முடித்துவிடுகிறது, முழு வரியையும் படிப்பதில்லை என்று இன்னொரு மாணவரே விளக்கிவிடுவார்.

உடல் அசைவோடு கற்பவர்களுக்கு அட்டை விளையாட்டு உதவுகிறது. எண்களும் குறிகளும் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். பெருக்கல், வகுத்தல் குறி வைத்திருப்பவர் இருபுறத்து எண்களின் கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டல், கழித்தல் குறிக்குக் கைகோக்கும் உரிமை இல்லை. ‘ஒரு அடி முன்னே வாருங்கள்’ என்று சொன்னதும், கைகோத்தவர்கள் கொத்துக் கொத்தாக வந்து நிற்கும்போது, கோவையின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன. 18 − 12 ÷ 3 × 2 + 5 என்பதில் 18 தனியே, 12 ÷ 3 × 2 ஒரு கொத்தாக, 5 தனியே. முன்னிருக்கும் கழித்தல் குறி அந்தக் கொத்துக்கு உரியது, பின்னால் வரும் 5-க்கு அதில் பங்கில்லை என்பதை அப்போது யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அதையே தாளில் மரவுருவாக வரையும்போது, எந்தச் செயல் மரத்தின் உச்சியில் நிற்கிறதோ அதுவே கடைசியாகச் செய்யப்படுவது என்று புரிகிறது. சமன்பாடு தீர்க்கும்போது அந்த மரத்தை உச்சியிலிருந்து பிரித்துக்கொண்டு வருகிறோம்; 3x + 5 = 26 என்பதில் முதலில் 5-ஐயும் பிறகு 3-ஐயும் நீக்குவது ஏன் என்று தனியே ஒரு விதி சொல்லவேண்டிய அவசியம் எழுவதில்லை.

அடைப்புக்குறியின் ஆற்றலைக் காட்ட எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 8 − 4 − 2 − 1 என்று எழுதி, எண்களையும் குறிகளையும் தொடாமல், அடைப்புக்குறிகளை மட்டும் வைத்து எத்தனை வெவ்வேறு விடைகளை உருவாக்க முடியும் என்று கேட்பேன். ஒரு முறையில் ஒரு செயல் என்று முழுமையாகக் குறியிட ஐந்து வழிகள்தாம் உள்ளன; அவற்றிலிருந்து 1, 3, 5, 7 என்ற நான்கு விடைகள் கிடைக்கின்றன, 5 மட்டும் இரு வழிகளில் வருகிறது. வேறு வழியே இல்லை என்பதை நிறுவ முயலும் மாணவர், தன்னை அறியாமலேயே, இப்படி அடைப்புக்குறியிடும் வழிகளை எண்ணித்தரும் காட்டலான் எண்களின் வாசலில் வந்து நிற்கிறார். நான்கு நான்குகளைக் கொண்டு எண்களை உருவாக்கும் பழைய புதிரும் இப்படித்தான். 7 = 4 + 4 − 4 ÷ 4 என்று ஒருவர் எழுதினால், இதில் அடைப்புக்குறி வேண்டுமா வேண்டாமா என்று பக்கத்திலிருப்பவர் வாதிடுவார். 3 = (4 + 4 + 4) ÷ 4 என்பதில் அடைப்புக்குறியை அழித்தால் 9 ஆகிவிடும் என்று இன்னொருவர் காட்டுவார். பயிற்சித்தாளில் இருபது கணக்குகளை வரிசையாகச் செய்யும்போது கிடைக்காத பயிற்சி இது. இங்கே கோவையைப் படிப்பவர் மட்டுமல்லர், எழுதுபவரும் மாணவரே.

தவறான தீர்வுகளைக் கொடுத்து, எழுதியவர் எங்கே எப்படி யோசித்திருப்பார் என்று துப்பறியச் சொல்வதும் பயன் தருகிறது. குறிப்பாக 2 + 3 × 4 = 3 × 4 = 12 + 2 = 14 என்ற வகை. விடை சரி, ஆனால் வழியில் உள்ள முதல் இரண்டு சமக்குறிகளும் பொய் சொல்கின்றன. உங்கள் விடைக்குறிப்பின்படி இதற்கு முழுப் படிமதிப்பெண் கிடைக்கும், ஏனென்றால் பெருக்கல் முதலில் நடந்திருக்கிறது. பங்கீட்டுப் பண்பைச் சரியாகப் பயன்படுத்தியவருக்கு மதிப்பெண் இல்லை, சமக்குறியைத் தவறாகப் பயன்படுத்தியவருக்கு முழு மதிப்பெண் என்ற நிலையை நீங்கள் விரும்பி உருவாக்கியிருக்கமாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

மாதிரி வினாத்தாளின் ஒரு கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 12 ÷ 2(1 + 2) என்று கொடுத்து, 18 என்ற ஒரே விடையைச் சரியென்று குறித்திருக்கிறீர்கள். 2019-இல் 8 ÷ 2(2 + 2) என்ற வரி சமூக ஊடகங்களில் பரவி, 16 என்றும் 1 என்றும் உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது நினைவிருக்கலாம். அந்தச் சண்டைக்குக் காரணம் யாருக்கும் செயல்வரிசை தெரியாமல் போனது அன்று. குறியில்லாமல் ஒட்டி எழுதப்படும் பெருக்கலை ÷ குறியைவிட நெருக்கமான பிணைப்பாகப் படிக்கும் வழக்கம் இயற்கணிதத்திலும் இயற்பியல் நூல்களிலும் உண்டு, அப்படிப் படிக்கும் கணிப்பான்களும் உண்டு. அளவுகளுக்கும் அலகுகளுக்குமான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 80000, சாய்கோட்டால் வகுத்தலைக் குறித்தபின் அதே வரியில் அடைப்புக்குறியின்றிப் பெருக்கல் குறியோ வகுத்தல் குறியோ வரலாகாது என்றே வலியுறுத்துகிறது. அதாவது இத்தகைய வரியைத் தெளிவாக எழுதுவது எழுதுபவரின் பொறுப்பு. வினாவை அமைத்தவரின் தெளிவின்மைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மதிப்பெண் இழக்கக்கூடாது. இந்த வரியை வகுப்பில் விவாதத்துக்கு வைப்பது அருமையான பாடம். தேர்வில் வைப்பது அநீதி.

நேரமில்லை என்பது உங்கள் தரப்பு வாதம். பாடங்கள் பெருகிவிட்டன, பாடவேளைகள் பெருகவில்லை என்பதை நானும் அறிவேன். ஆனால் இங்கே மிச்சப்படுத்தப்படும் நேரம் எங்கே செலவாகிறது என்பதை மேல்வகுப்பு ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். −3² என்பதை 9 என்று எழுதும் மாணவரிடம், அடுக்கு முதலில், குறி பிறகு, எனவே −9 என்று மீண்டும் தொடங்கவேண்டியிருக்கிறது. எக்செல் விரிதாளில் =-3^2 என்று இட்டால் 9 வருகிறது, பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்று இட்டால் −9 வருகிறது என்பதால், விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் கணினி முன்னால் இன்னும் குழம்புகிறார். பின்னக்கோட்டின் மேலுள்ள 6 + 4-ஐக் கீழுள்ள 2-ஆல் வகுக்கவேண்டிய இடத்தில் 6 + 4 ÷ 2 என்று கணிப்பானில் தட்டி, 5-க்குப் பதில் 8 என்று எழுதுபவருக்கு, பின்னக்கோடும் ஓர் அடைப்புக்குறிதான் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வர்க்கமூலக் குறியின் மேல்கோடும் அப்படித்தான். நான் மேலே விவரித்த செயல்பாடுகளுக்குக் கரும்பலகை, பழைய தாள்களின் பின்பக்கம், இரண்டு கணிப்பான்கள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள வகுப்பிலும் இவை நடக்கின்றன. தேவைப்படுவது பாடவேளைகளும், ‘இது பாடம்தான்’ என்று கையேடு தரும் அனுமதியும் மட்டுமே. பின்னிணைப்பில் இருப்பதை ஆய்வுக்கு வரும் அலுவலர் பாடமாக ஏற்பதில்லை. அட்டை விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோது, பாடம் எப்போது தொடங்கும் என்று என்னிடமே கேட்கப்பட்டிருக்கிறது.

ஆகவே உங்கள் குழுவிடம் நான் கோருபவை இவை. செயல்வரிசைக்கு முன்பிருந்த பாடவேளைகளைத் திருப்பித் தாருங்கள். எல்லாவற்றையும் தர இயலாவிட்டால், விதியின் காரணத்தை மாணவர்களே கண்டடையும் செயல்பாட்டுக்கு மட்டுமாவது தனிப் பாடவேளை ஒதுக்குங்கள். பின்னிணைப்பிலுள்ள செயல்பாடுகளைப் பாடத்தின் உடலுக்குள் கொண்டுவந்து, அவற்றில் எதைத் தேர்வது என்பதை வகுப்பாசிரியரின் முடிவுக்கு விடுங்கள். நினைவுச்சொல்லை அச்சிடுவதானால், அதைப் பாடத்தின் இறுதியில் வைத்து, வகுத்தலும் பெருக்கலும் ஒரே தளத்திலும், கூட்டலும் கழித்தலும் அடுத்த ஒரே தளத்திலும் நிற்கும்படி நான்கு படிகளாக அச்சிடுங்கள். 12 ÷ 2(1 + 2) என்ற வினாவை மாதிரி வினாத்தாளிலிருந்து நீக்குங்கள், அல்லது தேவையான அடைப்புக்குறியோடு திருத்தி எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடைக்குறிப்பை மாற்றுங்கள். கணிதப் பண்புகளால் நியாயப்படுத்தக்கூடிய எந்த வழிக்கும் முழுப் படிமதிப்பெண் உண்டு என்ற ஒரே வாக்கியம் போதும். நடந்து முடிந்த பொதுமதிப்பீட்டில் பங்கீட்டுப் பண்பைப் பயன்படுத்தியதற்காக மதிப்பெண் இழந்த மாணவர்களின் விடைத்தாள்களை, அவர்கள் விண்ணப்பிக்கவேண்டும் என்று காத்திராமல், நீங்களாகவே மறுமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தப்பட்ட விடைக்குறிப்பு அடுத்த பருவத் தேர்வுக்கு முன் எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்து வடிவில் வந்து சேரவேண்டும் என்றும், அதை இறுதி செய்யுமுன் இந்த வகுப்புகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களை அழைத்துக் கேட்கவேண்டும் என்றும் கோருகிறேன். அழைத்தால், அட்டைகளோடு வருகிறேன்.

இப்படிக்கு,
நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்